மூன்றாவது மாடி நாற்காலி

"மாமா, பார்சல் குடுக்கப் போனீங்களா, ஓட்டுக் கேக்கப் போனீங்களா?"

"ரெண்டாவது மாடிக்காரருக்கு முழங்கால் வலியாம். அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தேன்."

"அவருக்கு இன்னைக்குப் பார்சலே இல்லையே."

"பார்சல் இருந்தாத்தான் முழங்கால் வலிக்குமா?"

வண்டியைக் கிளப்பினேன். மாமா பக்கத்து சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கட்டிடம் வரும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. மாடிப்படியில் ஊரெல்லாம் பேசுவார், என்னிடம் மட்டும் பேசமாட்டார். எனக்கு அதில் கொஞ்சம் கோபமே இருந்தது.

நான் கூரியர் வேன் ஓட்டுகிறேன். மாமா, அதாவது கல்யாணமாகாமல் எங்களோடேயே இருக்கும் என் அம்மாவின் தம்பி, அதே வேனில் பார்சல்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். நான் கீழே, அவர் மேலே. எனக்கு ஒரு இடத்தில் நின்றால் கால் அரிக்கும். எந்தத் தெருவில் எப்போது நெரிசல், எந்தச் சந்தில் புகுந்தால் சீக்கிரம் வெளியே வரலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். அப்படி நான் மிச்சம் பிடிக்கும் நேரத்தையெல்லாம் மாமா மாடிப்படியில் உட்கார்ந்து செலவழித்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் எங்கள் கூரியர் டிப்போவில் அவருக்குப் பெயரே 'மியூட்'. ரிமோட்டில் யாரோ அந்தப் பட்டனை அமுக்கிவிட்டு ரிமோட்டைத் தொலைத்துவிட்டார்கள் என்பார்கள். கதவைத் தட்டுவார், பார்சலை நீட்டுவார், கையெழுத்து வாங்குவார், திரும்பிவிடுவார். நன்றி என்று சொன்னால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவார்.

போன வருஷம் கொரோனா அவரைக் கொஞ்சம் பலமாகவே பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுக்கவேண்டி வந்தது. நானும் அம்மாவும் போனில்தான் முகத்தைப் பார்த்தோம். அப்புறம் வீடு திரும்பினார், நெகட்டிவ் என்று வந்தது, இளைத்த உடம்பு தேறியது, வேலைக்கும் வந்துவிட்டார். அந்த அத்தியாயம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

வந்தவர் வேறு ஆளாக வந்தார். ஒவ்வொரு மாடியிலும் நின்றார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாச்சா, பூனை திரும்பி வந்ததா என்றெல்லாம் விசாரித்தார். கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். எதிரில் இருப்பவர்கள் பேசித் தீர்ப்பார்கள். டிப்போவில் பெயரை மாற்றிவிட்டார்கள். 'மியூட்' போய் 'ரேடியோ' ஆனார்.

அம்மாவுக்கு இதில் பெருமை. "சாவு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தவன்டீ. மனுஷங்க அருமை இப்பத்தான் தெரியுது அவனுக்கு."

"அருமை தெரியட்டும்மா. அதுக்கு ஒரு நேரம் காலம் இல்லையா? எனக்குத் தினமும் லேட்டாகுது."

"நீ பொறந்ததே அவசரமாத்தான். மத்தவங்களும் அப்படியே இருப்பாங்களா?"

பையை அடுக்குவது என் வேலை. முன்பெல்லாம் மாமா ஒரே மூச்சில் உச்சி மாடிக்கு ஏறிவிடுவார், இறங்கி வரும்போதுதான் ஒவ்வொரு வீடாகக் கொடுப்பார். அதனால் உச்சி மாடிப் பார்சல் பையின் மேலே இருக்கவேண்டும். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, "கீழ்மாடிப் பார்சலை மேல வை" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஏறும்போதே குடுத்துட்டா கனம் குறையும்ல" என்றார். அட, இது இத்தனை வருஷம் தோன்றாமல் போயிற்றே என்று நான் அவரைப் பாராட்டினேன். டிப்போவில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிடப் புத்திசாலி யார்?

இதற்கு நடுவில் ஆபீசுக்குப் போன் வர ஆரம்பித்தது. புகார் இல்லை, பாராட்டு. உங்கள் ஆள் எவ்வளவு அன்பாகப் பேசுகிறார், இந்தக் காலத்தில் இப்படி ஒருவரா என்று. சூப்பர்வைசர் மாமாவின் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார். படத்திலும் மாமா சிரிக்கவில்லை. ஒரு நாள் காலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பின் தெரு முழுக்க லிஃப்ட் இல்லாத கட்டிடம். அங்க போற பையன் எரிஞ்சு எரிஞ்சு விழறானாம். அந்த ஜனங்க உங்களைத்தான் கேக்கறாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து அந்தத் தெருவும் உங்களுக்குத்தான். சந்தோஷம்தானே?"

மாமா சூப்பர்வைசரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "சரி சார்" என்றார். அந்த நிமிஷம் அவர் பழைய மியூட் மாதிரியே இருந்தார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பின் தெருவில் வேனை எங்கே நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ரூட்டில் ஒரு மஞ்சள் கட்டிடம் உண்டு. ஆறு மாடி. லிஃப்ட்டில் 'பழுது' என்று எழுதி ஒட்டிய தாளே பழுதாகிப் பாதி கிழிந்து தொங்குகிறது. மாடிப்படி ஓரமாகத் துவாரம் வைத்த சுவர். வேனில் உட்கார்ந்தபடியே மாமாவின் சிவப்புத் தொப்பி ஏறுவது தெரியும். முதல் மாடியில் தெரியும், இரண்டாவதில் தெரியும், மூன்றாவதில் காணாமல் போகும். நான் ஒரு டீ குடித்து, கிளாஸைக் கொடுத்துவிட்டு வந்தாலும் தொப்பி வராது. அப்புறம்தான் நாலாவதில் தலை காட்டும்.

மூன்றாவது மாடியில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். அக்கா என்று கூப்பிடும் வயது. தனியாக இருக்கிறார். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மிஷின் ஓட்டுவார். நூலும் ஜிப்பும் பட்டனுமாக அவருக்கு எப்போதாவது ஒரு பெட்டி வரும். மாமா நிற்பதோ தினமும்.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். வெங்காயம் பாதியில் நின்றது. "தனியாவா இருக்காங்க?"

"தனியாத்தான்."

"சிடுசிடுன்னு பேசுவாங்களா?"

"ஏம்மா?"

"உன் மாமாவை வெச்சுக் குடித்தனம் பண்றவளுக்குக் கொஞ்சம் சிடுசிடுப்பு வேணும். இல்லாட்டி இவன் வாயே திறக்கமாட்டான்."

"அவருதான் இப்ப ரேடியோ ஆச்சே."

"அது வெளியில. வீட்டுல வந்து உக்காந்தா சுவருக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியல. சாப்பிட்டா படுத்துடறான்."

மறுநாள் காலை மாமாவின் நீலச் சட்டையை அம்மா கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக இஸ்திரி போட்டு நீட்டினார். "இதைப் போட்டுட்டுப் போடா."

"யூனிஃபார்ம் போடணுமேக்கா."

"மேல யூனிஃபார்ம் போடு, உள்ள இதைப் போடு. மாடி ஏறும்போது பட்டனைக் கழட்டி விட்டுக்கோ. காத்தாவது வரும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு மஞ்சள் கட்டிடத்தில் ஆறாவது மாடிக்கு ஒரு கனமான பெட்டி. மாமா பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கையெழுத்து வாங்கும் ஸ்கேனர் சீட்டிலேயே கிடந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. சரி, தையல் அக்காவைக் கிட்டத்தில் பார்த்தமாதிரியும் ஆயிற்று என்று ஸ்கேனரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இரண்டாவது மாடி தாண்டும்போது மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. பெண் குரல் மட்டும்தான்.

"...அப்புறம் அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா, கை நீளமாப் போச்சாம். கை நீளமாப் போகல, அவங்கதான் இளைச்சுட்டாங்க. அதை எப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றது, நீங்களே சொல்லுங்க. வேணாம், நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன்..."

நான் திருப்பத்தில் நின்றுவிட்டேன். கதவுக்கு வெளியே, சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாமா உட்கார்ந்திருந்தார். பெட்டி காலடியில். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. உதட்டில் ரத்தமே இல்லை. யூனிஃபார்ம் நாற்காலி முதுகில் தொங்க, நீலச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அக்கா வாசற்படியில் நின்று, ஒரு துணிக்கு அடி மடித்துத் தைத்தபடி, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். யாராவது படியேறி வந்தால் இருவரும் அரட்டை அடிப்பதுபோலத்தான் தெரியும்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். பதறவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"வேன் ஓட்டற பொண்ணா? வா. இன்னும் கொஞ்ச நேரத்துல பேசுவாரு. இப்ப எதுவும் கேக்காத."

நான் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மாமாவின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. தலையை நிமிர்த்தாமலே, "உங்கம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

"எவ்ளோ நாளா மாமா?"

"வந்ததுலேர்ந்துதான்."

"வந்ததுலேர்ந்துன்னா? வேலைக்கு வந்ததுலேர்ந்தா?"

தலையை ஆட்டினார். எனக்கு வரிசையாக எல்லாம் ஓடியது. முழங்கால் வலி, பூனை, ஜன்னல் கண்ணாடி. கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது. வண்டியில் கண்ணை மூடிக்கொள்வது. கீழ்மாடிப் பார்சலை மேலே வைக்கச் சொன்னது. அந்தப் பையை அடுக்கியது நான்தான், தினமும், என் கையால்.

"ரெண்டு மாடி வரைக்கும் சமாளிச்சுடுவேன்" என்றார் மாமா. "மூணாவதுலதான் நெஞ்சு படபடன்னு அடிக்கும். தொண்டைக்கு வந்துடும். கொஞ்சம் நின்னா சரியாயிடும். சும்மா நின்னா ஏன்னு கேப்பாங்க. அதான் எதையாவது கேட்டு வைப்பேன்."

"டாக்டர்கிட்ட போறதுக்கு என்ன?"

"எதுக்கு? உங்கம்மா வாங்கி வெச்ச, ஆக்சிஜன் பாக்கறதுக்கு விரல்ல மாட்டற மிஷின்ல தினம் பாக்கறேன். எல்லாம் சரியாத்தான் காட்டுது."

"எப்பப் பாப்பீங்க?"

"ராத்திரி. சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கும்போது."

தையல் அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நானும் தினம் சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. நாளைக்குங்கறாரு. நான் ஜாக்கெட் அளவு எடுத்துட்டு நாளைக்கு நாளைக்குன்னு சொன்னா என்னை விட்டு வைப்பாங்களா?"

"இந்த நாற்காலி..."

"முதல் நாளே போட்டுட்டேன். பட்டன் பெட்டியை நீட்டினாரு, வாய் பேச வரல. உங்க வீட்டுக்கு எத்தனை ஜன்னல்னு கேட்டாரு. எதுக்கு இந்த மனுஷன் ஜன்னலை எண்றாருன்னு பாத்தேன், மூச்சு இரைக்குது. கேட்டா வெக்கப்படுவாருன்னு நானே பேச ஆரம்பிச்சுட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, சொல்றதுக்கு எங்கிட்டயும் இப்ப விஷயம் தீந்துபோச்சு."

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"போனா என்ன சொல்வாங்கன்னு தெரியாதா?" என்றார் பிறகு. "இதயம் கெட்டுப்போச்சுன்னுவாங்க. படி ஏறாதன்னுவாங்க. அப்புறம் டிப்போவில உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டணும். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான்."

"போகாட்டி அடுத்த மாசம் பின் தெரு மாமா. தெரு முழுக்க மாடிப்படி. அங்க நாற்காலி போட யாரு இருக்கா?"

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். ஆறாவது மாடி போய்ச் சேர்வதற்குள் எனக்கே நாக்குத் தள்ளியது. இறங்கி வந்து வண்டிச் சாவியைக் காட்டினேன். "நாளைக்குக் காலைல இந்த வண்டி ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகும்."

"டிரைவரம்மா உத்தரவு" என்றார் மாமா, தையல் அக்காவைப் பார்த்து.

அக்கா நாற்காலியைத் துடைத்து உள்ளே எடுத்து வைத்தார். "டாக்டர் என்ன சொன்னாங்கன்னு வந்து சொல்லிட்டுப் போங்க. எனக்குக் கதை கேக்கறதுக்கும் ஒரு நாள் வேணும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் விரலில் மிஷினை மாட்டினார். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண் நன்றாகத்தான் வந்தது. பார்த்தாயா என்று என் பக்கம் புருவத்தைத் தூக்கினார். டாக்டரம்மா குள்ளமாக, ஒல்லியாக, என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர் என்று தோன்றும்படி இருந்தார். "உக்காந்து பாத்தா எப்படித் தெரியும்? மிஷினோட அப்படியே இந்த வராந்தாவில நடங்க" என்றார்.

மாமா நடந்தார். போய்த் திரும்பினார், மறுபடி போனார். எண் இறங்க ஆரம்பித்தது. வராந்தா முனையில் ஒரு காவலாளி நின்றிருந்தார். மாமா அவர் முன்னால் நின்றுவிட்டார்.

"சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"பேசாம நடங்க" என்றார் டாக்டரம்மா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது.

அப்புறம் நெஞ்சில் ஒயரை ஒட்டி ஒரு படம், மார்பை ஸ்கேன் செய்து ஒரு படம், இதயம் துடிப்பதை டிவியில் பார்ப்பதுபோல ஒரு சோதனை, ரத்தம். எல்லாம் வந்தபிறகு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்தார்.

"கொரோனா போயிடுச்சு. அது போன வழியில கொஞ்சம் சேதம் பண்ணிட்டுப் போயிருக்கு. நுரையீரல்ல புண் ஆறின தழும்பு இருக்கு. இதயத் தசையும் அப்ப வீங்கியிருக்கணும், இப்ப அது ரத்தத்தைத் தள்றது கொஞ்சம் மந்தம். பயப்படற அளவுல இல்ல. விட்டுடற அளவுலயும் இல்ல."

"வேலை?" என்றார் மாமா.

"இப்பப் படி வேணாம். மாத்திரை இருக்கு, மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவாங்க, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். நல்லா இருக்கேன்னு ஒரே நாள்ல பாய்ஞ்சுடக் கூடாது. நிறையப் பேருக்கு மெதுவா சரியாகுது. உங்களுக்கு எவ்ளோ சரியாகும்னு இன்னைக்கே சொல்ல முடியாது, வரச் சொல்லும்போது வாங்க, பாத்துட்டே இருப்போம். நெஞ்சு இறுக்கினாலோ, தலை சுத்தினாலோ, மயக்கம் வந்தாலோ மட்டும் உடனே வரணும். நாளைக்குங்கறதே கிடையாது."

மாமா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

சூப்பர்வைசரிடம் மாமாவே சொன்னார், நான் பேச வாயெடுத்தும் கையமர்த்திவிட்டு. சூப்பர்வைசர் நெடுநேரம் வாசலில் மாட்டிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த விசாரிப்பு, பாசம், எல்லாமே..."

"மூச்சு வாங்கறதுக்குத்தான் சார்."

"என் மாமியார் உங்களை வெச்சு என்னைத் தினம் திட்றாங்கய்யா. அந்த மஞ்சள் கட்டிடத்துலதான் இருக்காங்க. போய் இதைச் சொல்லவா?" என்றார். பிறகு பின் தெரு உத்தரவை ரத்து செய்தார். லைசென்ஸ் மாமாவுக்கும் உண்டு. வண்டி ஓட்டலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டு, சரி என்றபிறகு எங்கள் சீட்டை மாற்றினார். மாமா கீழே, நான் மேலே. அம்மாவிடமும் சொல்லியாயிற்று. அம்மா அழவில்லை. நீலச் சட்டையை மட்டும் மடித்துப் பீரோவின் அடியில் வைத்துவிட்டார்.

எனக்குத்தான் சோதனை. முதல் நாள் கதவைத் தட்டினால், "விசாரிக்கிற அண்ணன் எங்க?" என்றார்கள். எல்லா மாடியிலும். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் விடுவார்களா? என்ன உடம்பு, எந்த டாக்டர், எப்போது வருவார். முழங்கால் வலிக்காரர் தன் முழங்காலை மறந்துவிட்டு மாமாவின் இதயத்தை விசாரித்தார். பூனைக்காரப் பெண் பூனையைத் தூக்கிக் காட்டி, திரும்பி வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லச் சொன்னாள். அவர் மூச்சுக்காகக் கேட்டதை இவர்கள் எல்லாரும் நிஜமாகவே வாங்கி வைத்திருந்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி நான் கீழே வர எவ்வளவு நேரமோ.

வேனில் மாமா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். "பார்சல் குடுக்கப் போனியா, ஓட்டுக் கேக்கப் போனியா?"

மாதங்கள் ஓடின. மாமா காலையில் மூச்சுப் பயிற்சி செய்தார், சாயங்காலம் நடந்தார். சில நாள் நன்றாக இருந்தது, சில நாள் மறுபடி இரைத்தது, அன்றைக்கு நடையைக் குறைத்துக்கொண்டார். மூன்றாவது மாடிக்கு நான் போகும்போதெல்லாம் தையல் அக்கா முதலில் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் நூல் பெட்டியை வாங்குவார். அந்தச் செய்தியை நான் கீழே கொண்டுவருவேன். மாமா வேனின் பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்வார்.

போன வாரம் டாக்டரம்மா, சோதனையெல்லாம் பார்த்துவிட்டு, மெதுவாகப் படி ஏறிப் பார்க்கலாம், கனம் மட்டும் வேண்டாம் என்றார். நேற்று மஞ்சள் கட்டிடம் வந்ததும் மாமா ஸ்டியரிங்கை என்னிடம் விட்டுவிட்டு இறங்கினார். சின்னச் சின்னக் கவர்கள்தான்.

"பழையபடி அடுக்கு" என்றார். "உச்சி மாடி மேல."

அடுக்கிக் கொடுத்தேன். சிவப்புத் தொப்பி ஏறியது. முதல் மாடி, இரண்டாவது, மூன்றாவது. நிற்கவில்லை. நிதானமாக, ஒரே சீராக ஏறி ஆறாவதற்குப் போய்விட்டது. நான் வேனில் உட்கார்ந்து கைதட்டினேன். பக்கத்துக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். தொப்பி இறங்க ஆரம்பித்தது. ஐந்து, நாலு, மூன்று.

மூன்றில் காணாமல் போயிற்று.

மூன்றாவது மாடிக்கு நேற்றுப் பார்சலே கிடையாது. பையை அடுக்கியது நான்தானே. நான் டீ குடித்தேன், கிளாஸைக் கொடுத்தேன், இன்னொரு டீ சொன்னேன். பயந்துபோய் ஓடலாமா என்று கதவைத் திறந்தபோது மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை இரண்டு குரல். அதிகம் கேட்டது மாமாவின் குரல்.

வந்து ஏறினார். மூச்சு இரைக்கவில்லை. முகம் வெளுக்கவில்லை.

"மூச்சு வாங்குச்சா மாமா?"

"இல்லையே."

"அப்ப மூணாவதுல ஏன் நின்னீங்க?"

"நாற்காலி சும்மாக் கிடந்துச்சு" என்றார் மாமா. கண்ணை மூடிக்கொள்ளவில்லை, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பீரோவின் அடியில் அந்த நீலச் சட்டை இன்னும் இருக்கிறது. போன தடவை நான் அவசரப்பட்டுச் சொல்லி அம்மா அதை இஸ்திரி போட்டார், கடைசியில் அது மூச்சு என்று ஆனது. இந்தத் தடவை நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, சொல்லாமல் கடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அம்மாவிடம் சொல்லலாமா?